கடற்கரையில் கலியாணம்: வடக்கு, கிழக்குக் கரைகளில் திட்டமிடுவோர் அறிந்திருக்க வேண்டியவை

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை, தாயகத்தில், அதுவும் கடற்கரையில் கலியாணம் செய்ய வேண்டும் என்று கேட்பது இப்போது புதினமான விடயம் அல்ல. நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா ஆகிய இடங்களில் உள்ள விடுதிகள் இதற்கென்றே புல்வெளியையும் மேடையையும் ஒதுக்கி வைத்திருக்கின்றன. பிள்ளையின் கண்ணுக்கு அங்கே தெரிவது நீலக் கடலும் வெள்ளை மணலும். அதே கரையில் கால் வைக்கும் அம்மம்மாவுக்கு 2004 மார்கழி நினைவுக்கு வரலாம். வன்னியிலிருந்து வரும் சித்தப்பாவுக்கு 2009 வைகாசி நினைவுக்கு வரலாம். இவர்கள் எல்லோரும் ஒரே பந்தலின் கீழ் நிம்மதியாக இருக்கும்படி ஒரு கலியாணத்தை ஒழுங்கு செய்ய முடியும். ஆனால் விடுதிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னரே சில விடயங்களைப் பேசி முடித்திருக்க வேண்டும்.

எந்தக் கரை, எந்த மாதம்

இலங்கையின் கடல் ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் அமைதியாக இருப்பதில்லை. வடகீழ்ப் பருவமழை ஐப்பசி தொடங்கித் தை வரை வடக்கையும் கிழக்கையும் நனைக்கும். அந்தக் காலத்தில் கிழக்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். கிழக்குக் கரை அழகாக இருப்பது சித்திரையிலிருந்து புரட்டாசி வரை. நத்தார் விடுமுறைக்கு வருகின்ற புலம்பெயர் குடும்பங்கள் இதைக் கவனிக்காமல் மார்கழியில் நிலாவெளியைப் பதிவு செய்து, மழைக்குள் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிய கதைகள் உண்டு. அந்த மாதங்களில்தான் கடற்கரைக் கலியாணம் வேண்டும் என்றால் பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ என்று தென்மேற்குப் பக்கம் போக வேண்டியிருக்கும். ஐயரையும் மேளத்தையும் கொழும்பிலிருந்து கூட்டிச் செல்லும் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கரைகளுக்கும் குணம் உண்டு. பாசிக்குடா வளைந்த குடா. முருகைக்கல் தடுப்பதால் அலை குறைவு, வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவு நீர்தான். சிறு பிள்ளைகளும் வயோதிபர்களும் அதிகம் வரும் கலியாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான கரை கிழக்கில் இல்லை என்பதே என் எண்ணம். திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி ஏறக்குறைய 16 கிலோமீற்றர். நகரம், வைத்தியசாலை, கோயில் எல்லாம் கிட்ட இருப்பது அதன் வசதி. அறுகம்குடாவில் அதே மாதங்களில்தான் அலைச் சறுக்கல்காரர்களின் கூட்டம் இருக்கும். கலியாண வீட்டுக்கு அது சத்தமான இடம். யாழ்ப்பாணத்தில் காரைநகர் கசூரினா கடற்கரை ஆழமற்றது, மாலைச் சூரியனையும் பார்க்கலாம், ஆனால் பெரிய விடுதிகள் அருகில் இல்லை. விருந்தினரை யாழ் நகரிலிருந்து வாகனம் பிடித்துக் கொண்டுவர வேண்டும். கீரிமலைக் கரையும் அழகுதான். ஆயினும் அது எமக்குப் பிதிர்க்கடன் கழிக்கும் இடம். அங்கே மணவறை போட யாரும் நினைக்க மாட்டார்கள்.

இன்னொன்று. விளம்பரப் படங்களில் வருகின்ற கடலில் மறையும் சூரியன் கிழக்குக் கரையில் கிடைக்காது. அங்கே சூரியன் கடலிலிருந்து உதிக்கும், மாலையில் முதுகுப்புறம் மறையும். கிழக்கில் கலியாணம் செய்பவர்கள் விடியற்காலைக் கலியாணத்துக்கு மனத்தைத் தயார்ப்படுத்துவது நல்லது. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று பகலில் சூடாக வீசும். காலை 8 மணிக்குப் பிறகு கூறைச்சேலையோடு மணலில் இருப்பது மணமகளுக்குத் தண்டனை.

நாள் பார்ப்பதில் இருக்கும் சிக்கல்

ஆடி, புரட்டாசி, மார்கழியில் எமது வீடுகளில் கலியாணம் வைப்பது வழக்கமில்லை. கிழக்குக் கடலின் நல்ல காலத்தோடு இதைப் பொருத்திப் பார்த்தால் மிஞ்சுவது சித்திரை, வைகாசி, ஆனி, ஆவணி. ஐரோப்பாவிலும் கனடாவிலும் பாடசாலை விடுமுறை ஆடியிலும் ஆவணியிலும் விழுவதால் எல்லோரும் ஆவணி முகூர்த்தத்துக்கே அடிபடுகிறார்கள். நல்லூர் மகோற்சவமும் அந்த நேரத்தில்தான் 25 நாட்கள் நடக்கும். யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கடினம். மேளகாரர், வாகனம், சமையற்காரர் எல்லோருக்கும் கிராக்கி. ஒரு வருடம் முன்னரே பேசி வைக்காவிட்டால் மிச்சம் மீதிதான் கிடைக்கும்.

பஞ்சாங்கத்தில் இல்லாத இன்னொரு நாட்காட்டியும் எம்மிடம் உண்டு. வைகாசி மாதம் மே நடுப்பகுதியில் பிறக்கிறது. அதே நாட்களில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் வாரம் வருகிறது. மே 18 வைகாசியின் முதல் வாரத்துக்குள் விழும். அந்த வாரத்தில் எவ்வளவு நல்ல முகூர்த்தம் இருந்தாலும் வன்னி உறவுகள் பட்டு உடுத்து வர மாட்டார்கள். வந்தாலும் மனம் அங்கே இராது. வைகாசி பத்துக்குப் பிறகு நாள் பார்ப்பது நல்லது.

ஊருக்கு ஊர் வேறு திகதிகளும் உள்ளன. நெடுந்தீவுக்காரருக்கு மே 15 என்றால் 1985இல் கடலில் நடந்த குமுதினிப் படகுப் படுகொலை. நவாலிக்காரருக்கு யூலை 9, 1995இல் தேவாலயத்தின் மீது குண்டு விழுந்த நாள். சத்துருக்கொண்டானுக்கு 1990 செப்ரெம்பர் 9. இவை மூன்றுமே முகூர்த்த மாதங்களுக்குள் விழுபவை என்பதைக் கவனியுங்கள். இரு வீட்டாரின் ஊர்களையும் எழுதி, அந்த ஊர்களின் நினைவு நாட்களையும் குடும்பத்தின் ஆட்டைத்திவசங்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அதன் பிறகு சோதிடரிடம் போனால் இரண்டாம் முறை போக வேண்டி வராது. இந்தத் தாளை எழுதக்கூடியவர்கள் பெரும்பாலும் ஊரில் இருக்கும் மாமிமார், பெரியம்மாமார்தான். வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்கு இவை தெரியாமல் இருப்பதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

சுனாமி பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் 30,000இற்கும் மேற்பட்ட உயிர்களை அது கொண்டுபோனது. அம்பாறை, முல்லைத்தீவு, மட்டக்களப்புக் கரைகளில் இழப்பு இல்லாத தெரு குறைவு. மட்டக்களப்பு நாவலடி, முல்லைத்தீவு கள்ளப்பாடு போன்ற கரைகளில் நினைவுத் தூபி தெரியும் தூரத்தில் ஆட்டம் பாட்டு வைப்பது கரையோர மக்களைப் புண்படுத்தும். கடலைப் பார்க்கவே மறுக்கும் உறவினர் இருந்தால் அவரை வற்புறுத்த வேண்டாம். தாலிகட்டைக் கோயிலில் வைத்து, கடற்கரையை மாலை வரவேற்புக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அவர் முக்கியமான நேரத்தில் உங்களோடு இருப்பார்.

மணலில் மணவறை

அக்கினி வளர்த்துத் தாலி கட்டுவதென்றால் காற்றே முதல் எதிரி. கிழக்குக் கரையில் கச்சான் காலத்துக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி, அதாவது மேற்கிலிருந்து வரும். மணமக்கள் கிழக்கு நோக்கி அமர்வது எமது முறை. ஆகவே அவர்கள் கடலைப் பார்த்தபடி, காற்றுக்கு முதுகு காட்டி இருப்பார்கள். மணவறையின் பின்புறம் காற்றை மறைக்கும் என்பதால் அக்கினி அணையாது. ஆனால் அந்தப் பின்துணி பாய்மரம் மாதிரிக் காற்றை வாங்கும். முளைகளை ஆழமாக இறக்கி, ஈரமணல் மூட்டை வைத்துக் கட்ட வேண்டும். மண்டபத்தில் மணவறை போட்டுப் பழகியவர்கள் இதை நினைப்பதில்லை. அவர்களை முதல்நாள் மாலையே கரைக்கு அழைத்து வந்து காட்டுங்கள்.

படப்பிடிப்பாளரோடு ஒரு வாக்குவாதம் நிச்சயம் வரும். அவருக்குப் பின்னணியில் கடல் வேண்டும். அப்படியென்றால் மணமக்கள் மேற்கே பார்க்க வேண்டும். ஐயர் சம்மதிக்க மாட்டார். விருந்தினரை வடக்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் இருத்தி, மணமக்களுக்கும் கடலுக்கும் நடுவே வெளியாக விட்டால் இருவருக்கும் வேண்டியது கிடைக்கும். சடங்கு முடிந்த பின் திரும்பி நின்று எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பொன்னுருக்கு, கன்னிக்கால் ஊன்றுதல், முளைப்பாலிகை போன்றவற்றை வீட்டிலேயே முடித்துவிடுவது நல்லது. ஊர் வீடு போரில் அழிந்து வெறும் வளவு மட்டும் மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் சில, அந்த வளவைத் துப்புரவாக்கிக் கன்னிக்காலை மட்டும் அங்கே நட்டுவிட்டு வருகின்றன. செலவில்லாத காரியம். மணமகளின் தாய்க்கு அது விடுதியின் முழு அலங்காரத்தையும் விடப் பெரிதாக இருக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை மேற்கத்தியக் கடற்கரைக் கலியாணத்தின் வெளிர் நிறங்களைப் பின்பற்றத் தேவையில்லை. நண்பகல் மணலின் வெளிச்சத்தில் வெளிர் நிறம் வெளிறிப் போகும்; அடர்ந்த நிறமே எடுபடும். எமது கலியாண நிறங்கள் ஏற்கெனவே அடர்ந்தவை. கூறையின் சிவப்பு, மஞ்சள், மாவிலைப் பச்சை, செவ்விளநீர்க் குலையின் செம்மஞ்சள், தென்னம்பாளையின் வெளிர்ப்பொன் இவையே போதும். குருத்தோலைத் தோரணம் பின்னத் தெரிந்தவர்கள் கிழக்கில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். விருந்தினருக்குக் கொடுக்கச் சாயமிட்ட பனையோலை விசிறி நல்லது. வெயிலில் உடனே பயன்படும். மருதமுனைக் கைத்தறியில் சாரம், சேலை, மேசைவிரிப்பு என ஒரே நிறத்தில் சொல்லி நெய்விக்கலாம். நெசவுக்குக் காலம் வேண்டும் என்பதால் முன்னரே சொல்ல வேண்டும். மினுங்கும் பிளாஸ்ரிக் துகள்கள் மட்டும் வேண்டாம். அவை கடலுக்குத்தான் போகும், பூவிதழ் தூவலாம்.

வெடி கொளுத்துவதா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். செல்லடிக்குள் வாழ்ந்தவர்கள் கூட்டத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகாய விளக்குகளும் அப்படித்தான்: எரிந்தபடி விழுந்தால் பக்கத்து ஓலை வாடியைப் பற்றும்.

போரில் காலை இழந்தவர்கள் பொய்க்காலோடு மணலில் நடப்பது மிகக் கடினம். ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் புதையும். வாகனத் தரிப்பிடத்திலிருந்து பந்தல் வரை பலகை அடுக்கி மேலே தும்புப் பாய் விரிப்பதற்குப் பெரிய செலவு இல்லை. முன்வரிசையில் கைபிடியுள்ள கதிரைகள் சிலவற்றை ஒதுக்குங்கள். விடுதிக்காரர் இதைத் தாமாகச் செய்ய மாட்டார். எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மேடையில் யார் நிற்பது என்பதையும் முன்னரே தீர்மானியுங்கள். தகப்பன் இல்லாத, அல்லது எங்கே என்றே தெரியாத வீடுகள் எம்மிடையே அதிகம். காணாமல் ஆக்கப்பட்டவருக்குத் திவசமும் இல்லை, மேடையில் இடமும் இல்லை. தாரை வார்ப்பதற்குத் தாய்மாமனோ பெரியப்பாவோ வருவார். ஆனால் பிள்ளையைத் தனியே வளர்த்தெடுத்த தாய், விதவை என்ற காரணத்தால் பந்தலின் ஓரத்தில் நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மண்டபத்தை விட்டு மணலுக்கு வருவதற்கு இணங்கும் குடும்பம் இந்த ஒரு வழக்கத்தையும் விட்டுவிடலாம். முன்கூட்டியே பேசினால் தாயை முன்னிறுத்திச் சடங்கு செய்ய இணங்கும் ஐயர்மார் இருக்கிறார்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நிலைமை வேறு. திருமணம் பொதுவாகப் பங்குக் கோவிலில் நடக்க வேண்டும். வேறு இடத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும். கோவிலில் திருப்பலியும் கரையில் விருந்துமாகப் பிரித்துக்கொள்வதே நடைமுறை.

எழுத்து

சடங்கு எங்கே நடந்தாலும் சட்டத்தின் கண்ணுக்குப் பதிவுதான் பத்திரம். 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பதிவாளரிடம் முதலில் அறிவித்தல் கொடுத்து, அதன் பின் காத்திருக்க வேண்டும். விசேட அனுமதிப்பத்திரம் பெற்றால் காத்திருப்பு குறையும். பதிவாளரை விடுதிக்கே அழைத்துக் கடற்கரையில் கையெழுத்து வைக்க விரும்பினாலும் விசேட அனுமதிப்பத்திரம் தேவை. இரண்டு சாட்சிகள் வேண்டும். இரு வாரமாவது கையில் இல்லாமல் விமானம் ஏறினால் எழுத்து இழுபடும்.

மணமக்களில் ஒருவர் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. வெளிநாட்டவரை மணப்பவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2021இல் வந்த சுற்றறிக்கை பலரை அலைக்கழித்தது. இத்தகைய விதிகள் அடிக்கடி மாறுபவை. உறவினர் சொன்னதை நம்பாமல் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் நேரில் கேட்டு, தேவையான பத்திரங்களின் பட்டியலை எழுதி வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, திருமணமாகாதவர் என்பதற்கான உறுதிப்பத்திரம் ஆகியன வழக்கமாகக் கேட்கப்படுபவை. முன்னர் மணமுடித்தவராயின் விவாகரத்துத் தீர்ப்பு அல்லது துணையின் மரணச் சான்றிதழ் வேண்டும்.

இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் முதலில் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிறப்பே பதியப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் வழங்கும் நடைமுறை உண்டு. இவற்றுக்கு மாதங்கள் எடுக்கலாம். நாள் குறித்த பிறகு தொடங்கும் வேலை அல்ல. பதிவுச் சான்றிதழை வெளிநாட்டில் பயன்படுத்த வேண்டுமென்றால் வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்திலும் அதற்குக் கிளை உள்ளது. இத்தனை அலைச்சல் வேண்டாம் என்று பலர் எழுத்தை வாழும் நாட்டிலேயே முடித்துவிட்டுச் சடங்கை மட்டும் இங்கே வைத்துக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை.

கரைக்குச் சொந்தக்காரர்

விடுதியின் வேலிக்கு வெளியே உள்ள மணல் விடுதிக்குச் சொந்தமானதல்ல. அங்கே பந்தல் போடுவதற்குப் பிரதேச சபையிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி பாவிக்க முடியாது. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி தேவை. கடற்படைத் தளமும் விமானப்படைத் தளமும் உள்ள திருகோணமலையில் அனுமதியில்லாமல் அதை எடுத்து விளையாட வேண்டாம்.

அனுமதிப் பத்திரத்தில் வராத சொந்தக்காரர்கள் கடற்றொழிலாளர். கடல் அமைதியான மாதங்களில் கரைவலைப் பாடு நடக்கும். உங்கள் மணவறை ஒருவருடைய பாட்டின் நடுவே விழுந்தால் அன்றைய அவரது உழைப்பு போயிற்று. உள்ளூர்க் கடற்றொழிலாளர் சங்கத்தை ஒரு வாரம் முன்னர் சந்தித்து, எந்த நேரத்தில் வலை இழுப்பார்கள், எந்தப் பகுதி வெறுமையாக இருக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்களே நல்ல இடத்தைக் காட்டுவார்கள். சங்கத்தாரையும் விருந்துக்கு அழைப்பது முறை.

பாசிக்குடாவில் போருக்குப் பின் எழுந்த பெரிய விடுதிகள் பலவற்றின் இலாபம் மாவட்டத்துக்கு வெளியேதான் போகிறது. அறை வாடகையை மாற்ற முடியாது. மற்றச் செலவை மாற்றலாம். வாழைச்சேனையில் மீனும் நண்டும் வாங்கலாம். பூவும் வாழையிலையும் கிராமத்துப் பெண்கள் குழுக்களிடம் எடுக்கலாம். நாதஸ்வரம், தவிலுக்கு இணுவில், அளவெட்டிக் கலைஞர்கள் வருவார்கள். கொழும்பு ஒழுங்கமைப்பாளரிடம் மொத்தமாகக் கொடுத்தால் இவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்காது.

தாலிகட்டு நாளில் சைவச் சாப்பாடுதான். கடலுணவு ஆசை உள்ளவர்கள் அதை நாலாஞ்சடங்குக்கு ஒதுக்கி, மணலில் பெரிய பானை வைத்து நண்டு, இறால், கணவாய் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சலாம். பலாவிலையில் கோலிக் குடிக்கும் அந்தக் கூழைத்தான் விருந்தினர் பல வருடங்களுக்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வர முடியாதவர்கள்

அகதி அந்தஸ்தில் இருப்பதாலோ, வந்தால் என்ன நடக்குமோ என்ற பயத்தாலோ இலங்கைக்கு வர முடியாத அண்ணன், மாமா அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார். அவருக்காகச் சிலர் கலியாணத்தையே மாமல்லபுரம் பக்கமோ மலேசியாவுக்கோ மாற்றுகிறார்கள். இந்தியாவில் சடங்கு மட்டும் செய்வதே இலகு. அங்கு விசேட திருமணச் சட்டத்தின்படி பதிய 30 நாள் வதிவும் 30 நாள் அறிவித்தலும் வேண்டும்.

இங்கேயே வைத்தால் நேரலை ஒழுங்கு செய்யுங்கள். கடற்கரையில் கைத்தொலைபேசிச் சமிக்ஞை நம்பத்தக்கதல்ல. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளோடு முதல்நாள் அதே நேரத்தில் பரிசோதித்துப் பாருங்கள். ஐயருக்கும் நாதஸ்வரத்துக்கும் நடுவே ஒரு ஒலிவாங்கி வேண்டும். இல்லாவிட்டால் அங்கே கேட்பது காற்றுச் சத்தம் மட்டும்தான்.

அழைப்பிதழில் வெளிநாட்டு நேரத்தையும் அச்சிடுங்கள். ஆனி, ஆவணி மாதங்களில் இங்கே காலை 6.30 மணி முகூர்த்தம் என்றால் இலண்டனில் பின்னிரவு 2 மணி, பாரிஸிலும் சூரிச்சிலும் 3 மணி, மெல்பேர்னில் முற்பகல் 11 மணி. ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9 மணி. அங்கே இருப்பவர்களுக்குத் திகதியையும் ஒரு நாள் முன்னதாகவே போட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் இரவு வரை காத்திருந்துவிட்டு, தாலி கட்டியாயிற்றா என்று தொலைபேசி எடுப்பார்கள்.